ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் பொழுது. வாரம் முழுக்கப் பசியாற வழி!

விடியற்காலை மணி நான்கு. லயத்து வீட்டின் பின்கட்டில் விளக்கு எரிகிறது. அடுப்படியில் நிற்பவர் நம் வீட்டுத் தாய். ஐந்தரைக்குள் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தாக வேண்டும். அதற்குள் சோறு வடிக்க வேண்டும், வீட்டுக்காரருக்குத் தூக்குச்சட்டி கட்ட வேண்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஏதாவது மூடி வைக்க வேண்டும். எல்லாருக்கும் பார்த்துவிட்டுத் தன் வயிற்றைப் பார்க்கும்போது நேரம் இருக்காது. ஒரு மங்கு இனிப்புத் தேத்தண்ணி, இரண்டு பிஸ்கட். அவ்வளவுதான்!

"என்னாக்கா, பசியாறிட்டீங்களா?" என்று யாராவது கேட்டால், "எங்க தங்கச்சி நேரம்? காட்டுல போயி பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்குவார். காட்டிலே போய் என்ன பார்ப்பது? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதற்குள் மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். செம்பனைக் காடாக இருந்தாலும் இதே கதைதான். வெறும் வயிற்றில் ஐந்து மணி நேர உழைப்பு! பத்து மணிக்குத் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்றால் அதற்குப் பேய் பிசாசு காரணமல்ல, தாய்மார்களே! வயிறுதான் காரணம்.

வீட்டில் பிள்ளைகளின் நிலைமை என்ன? பொட்டல மீயைக் கிழித்துச் சுடுதண்ணீர் ஊற்றினால் மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பாதியளவு அந்த ஒரே பொட்டலத்தில், அதன் தூளோடு சேர்ந்து வந்துவிடும். பருப்பும் இல்லை, கீரையும் இல்லை. அந்தப் பிள்ளை பத்து மணிக்கே மேசையில் தலை சாய்ந்தால் வாத்தியார் என்ன செய்வார்?

இதைச் சொல்வது தாய்மார்களைக் குறை கூற அல்ல. குற்றம் அவர்கள் மேல் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தின் மேல். காலை நான்கு மணிக்கு வெங்காயம் உரித்து, மிளகாய் அரைத்து, குழம்பு கூட்டிக் கொண்டிருக்க யாராலும் முடியாது. ஆனால் அந்த வேலைகளை முன்கூட்டியே முடித்து வைக்க முடியும்.

இது புதிய யோசனையும் அல்ல. அம்மியும் உரலும் இருந்த காலத்தில் நம் பாட்டிமார்கள் செய்ததுதான். தூள் இடித்து வைத்தார்கள், வடகம் பிழிந்து காய வைத்தார்கள், ஊறுகாய் போட்டு ஜாடியில் கட்டி வைத்தார்கள். மழை பெய்து வேலை இல்லாத நாளில் கைகொடுத்தது அந்த ஜாடிதான். இப்போது மிக்சியும் ஐஸ்பெட்டியும் வந்திருக்கின்றன, வழக்கம்தான் போய்விட்டது.

முதலில் கறித்தூள்

வீட்டில் தூள் இருந்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. மல்லி ஒரு கிலோ, காய்ந்த மிளகாய் அரைக் கிலோ, சீரகம் 100 கிராம், சோம்பு 100 கிராம், மிளகு 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் 100 கிராம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது என்றால் மிளகாயில் 150 கிராமைக் குறைத்துக் கொள்ளுங்கள்.

நம் நாட்டு வெயிலை நம்ப முடியாது. காலையில் கொளுத்தும், பின்னேரம் மழை கொட்டும். ஆகவே காலை வெயிலிலேயே பரப்பி, பகல் ஒரு மணிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் காய்ந்த பிறகும் இரும்புச் சட்டியில் சிறு தீயில் தனித்தனியாக வறுங்கள். மல்லி வாயில் போட்டால் 'மொறுக்' என்று உடைய வேண்டும். மிளகாயை வளைத்தால் ஒடிய வேண்டும். அதுதான் பக்குவம். அரைத்த தூளைச் சூட்டோடு போத்தலில் அடைக்கக் கூடாது. சுத்தமான துணியில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். சூடு அடைபட்டால் மூடியில் வேர்வை பிடிக்கும். வேர்வை பிடித்தால் பூசணம் வரும்.

பூசணம் விளையாட்டல்ல!

"லேசா பூத்திருக்கு, வெயில்ல போட்டாச் சரியாப் போயிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். 1988ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் மீ சாப்பிட்ட பிள்ளைகள் 13 பேர் மாண்டு போனார்கள். மாண்ட பிள்ளைகளின் உடலில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அது பூசணத்திலிருந்து உண்டாகும் நஞ்சு, கல்லீரலைத் தாக்கும். ஈரம் பட்ட நிலக்கடலை, மிளகாய், சோளம் இவற்றில் அந்தப் பூசணம் எளிதாகப் பிடிக்கும். வறுத்தாலும் வேக வைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. ஆகையால் பூத்த கடலையையும் கறுத்த மிளகாயையும் பார்த்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். இரண்டு வெள்ளி போனால் போகட்டும்!

பருப்புப் பொடியும் கீரைப் பொடியும்

துவரம் பருப்பு 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், காய்ந்த மிளகாய் எட்டு, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, கொஞ்சம் பெருங்காயம், அளவாக உப்பு. பருப்பைச் சிவக்க வறுத்து, மற்றவற்றையும் சூடுகாட்டி, ஆறியபின் பொடியாக்குங்கள். சுடுசோற்றில் இரண்டு கரண்டி பொடியும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்தால் குழம்பே வேண்டாம். ஒரு மாதம் கெடாது.

லயத்துப் பின்னால் முருங்கை மரம் இல்லாத தோட்டம் உண்டா? காசு கொடுக்காமல் கிடைக்கும் மருந்து அது. இலையை அலசி, தண்ணீரை உதறி, நிழலில் மூன்று நாள் காய வையுங்கள். மழைக்காலமாக இருந்தால் கடைசியில் சட்டியில் சிறு தீயில் புரட்டி எடுங்கள். ஒரு கைப்பிடி உளுந்து, நான்கு மிளகாய், கொஞ்சம் புளி, உப்பு ஆகியவற்றை வறுத்துக் கூடச் சேர்த்து அரைத்தால் கீரைப்பொடி. கறிவேப்பிலையிலும் இப்படியே செய்யலாம். இரத்தம் குறைவாக உள்ள பெண்களுக்கு இது நல்லது. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு பிழிந்து சாப்பிட்டால் கீரையின் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து சேராமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

நெத்திலி சம்பல்

தோட்டத்தில் இதை வேண்டாம் என்பவர் யார்? காய்ந்த மிளகாய் 30 எடுத்து விதையை உதிர்த்துச் சுடுதண்ணீரில் ஊறப் போடுங்கள். சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு ஐந்து பல், விருப்பமிருந்தால் சுட்ட பிளாச்சான் ஒரு சிறு துண்டு, எல்லாவற்றையும் சேர்த்து அரையுங்கள். முக்கால் கோப்பை எண்ணெயில் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை வாடை போய், நிறம் கறுத்து, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். அப்போது எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி மறுபடியும் வற்றவிடுங்கள். அவசரப்பட்டு இறக்கினால் இரண்டு நாளில் புளித்துவிடும்.

நெத்திலியை வேறாகப் பொரித்து வேறு போத்தலில் வைப்பது நல்லது. சாப்பிடும்போது சேர்த்தால் மொறுமொறுப்பாக இருக்கும். பொரிக்கும் முன் ஒரு முறை அலசினால் உப்பு குறையும். முள்ளோடு தின்னும் மீன் அது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து. சம்பலில் சீனியை அள்ளிப் போடாதீர்கள். 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், நம் நாட்டில் ஏறக்குறைய ஐந்து பெரியவர்களில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஐஸ்பெட்டியில் வைத்தால் சம்பல் ஒரு வாரம் தாங்கும்.

புளிக்காய்ச்சல்

புளி 200 கிராமை மூன்று கோப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, கடலைப் பருப்பு, 15 மிளகாய், பெருங்காயம் தாளித்து, மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்து, புளியை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். பாதியாக வற்றி எண்ணெய் மிதந்ததும், வறுத்துப் பொடித்த மல்லி இரண்டு கரண்டியும் வெந்தயம் ஒரு தேக்கரண்டியும் தூவி இறக்குங்கள். வெளியில் ஒரு வாரம், ஐஸ்பெட்டியில் ஒரு மாதம். வடித்த சோற்றில் இதைப் பிசைந்து ஓர் அவித்த முட்டையை வைத்தால் தூக்குச்சட்டி தயார். வெயிலில் பத்து மணி வரை வைத்திருந்தாலும் மற்றக் குழம்பைப் போல் சீக்கிரம் ஊசிப் போகாது.

போத்தல் விஷயத்தில் ஒரு கண்டிப்பு

எல்லாவற்றுக்கும் கண்ணாடிப் போத்தலே சிறந்தது. கழுவி, கொதிதண்ணீர் காட்டி, ஈரம் இல்லாமல் காய வையுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. மூடியில் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

ஆனால் ஒன்று. புல்லுக்கு அடிக்கும் மருந்து வந்த கலனையோ போத்தலையோ எவ்வளவு கழுவினாலும் சமையலறைக்குக் கொண்டு வரவே கூடாது. "நல்ல கெட்டியான டின், தண்ணி பிடிக்கலாம், எண்ணெய் ஊத்தலாம்" என்ற ஆசை பல குடும்பங்களைக் கெடுக்கும். பாராகுவாட் என்ற கொடிய மருந்துக்கு நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை வந்துவிட்டது. அதற்காக மற்ற மருந்துகள் பால் என்று நினைத்துவிட வேண்டாம்!

எப்படிச் செய்வது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் போனால் இடுப்பு ஒடிந்துவிடும். சம்பளம் கிடைத்த வாரத்தில் கறித்தூள். அது இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான். அடுத்த ஞாயிறு பொடிகள். அதற்கடுத்த ஞாயிறு புளிக்காய்ச்சல். சம்பலும் இட்லி மாவும் மட்டும் வாரா வாரம்.

மாவுக்கு நான்கு பங்கு புழுங்கல் அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். காலை பத்து மணிக்கு ஊறப்போட்டுப் பின்னேரம் மூன்று மணிக்கு அரைத்தால், நம் நாட்டுச் சூட்டுக்கு இரவு படுக்கும் முன்னே பொங்கிவிடும். உடனே ஐஸ்பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஐஸ்பெட்டி இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் இரவில் அரைத்துக் கொள்ளட்டும்.

அப்புறம் பாருங்கள்: திங்கட்கிழமை இட்லியும் பருப்புப் பொடியும். செவ்வாய் புளிச்சோறும் முட்டையும். புதன் தோசையும் சம்பலும். வியாழன் கீரைப்பொடிச் சோறும் பொரித்த நெத்திலியும். வெள்ளிக்கிழமை மரக்கறி நாள். மாவு புளித்திருக்கும், வெங்காயம் தூவி ஊத்தப்பம் சுடலாம். எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்காது.

இதில் காசும் மிச்சம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகிவிட்டது, உண்மைதான். ஆனால் கடைப் பற்றுப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பொட்டல மீ, டின் மீன், இனிப்புத் தண்ணி, பாக்கெட் தூள் என்று சில்லறை சில்லறையாக எவ்வளவு போயிருக்கிறது!

கடைசியாக அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் ஓய்வு நாள்தான். தூள் வறுப்பதையும் மாவு அரைப்பதையும் வீட்டுப் பெண்கள் தலையில் மட்டும் கட்டினால், இந்தக் கட்டுரை அவர்களுக்கு இன்னொரு சுமையாகத்தான் போய்விடும். மிளகாய் காம்பு கிள்ள ஆண்பிள்ளைக் கைக்கு வராதா? வெங்காயம் உரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாதா? ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டால் பேசிக்கொண்டே முடிந்துவிடும்.

தாய்மார்களே, வருகிற திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் கட்டிக் கொடுத்த பிறகு ஐந்து நிமிடம் உட்காருங்கள். உங்களுக்கும் இரண்டு இட்லி எடுத்து வைத்துச் சாப்பிட்டுவிட்டு, பிறகு பிரட்டுக்குப் போங்கள். "பசியாறிட்டீங்களா அக்கா?" என்று யாராவது கேட்டால், "ஆச்சு தங்கச்சி!" என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.