கலனுக்குள் இறங்குகிறவர்கள்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, மருந்து ஆலை என எங்கே போனாலும் நெட்டுக்குத்தாகவும் படுக்கைவாட்டிலும் இரும்பு உருளைகள் நிற்பதைப் பார்க்கலாம். பஞ்சர் கடையில் கம்ப்ரஸரோடு இருக்கும் காற்றுத் தொட்டியும் அந்த இனம்தான். வாயுவையோ திரவத்தையோ மிகுந்த அழுத்தத்தில் அடைத்து வைக்கும் இவற்றுக்கு அழுத்தக் கலன் என்று பெயர். ஆலையில் வேலை செய்பவர்கள் ‘வெசல்’ என்பார்கள்.

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ என்பது ஆலைகளில் சாதாரணமான அழுத்தம். அரை மீட்டர் விட்டமுள்ள மேன்ஹோல் மூடியின்மீது அது ஏறக்குறைய 20 டன் விசையாகிறது. இரவும் பகலும் அதைத் தாங்கி நிற்பவை சில மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடும், தகடுகளை இணைத்த வெல்டிங்கும்தான். பெயின்ட் அடித்து, காப்புப் போர்வை சுற்றி, வெளியே பளிச்சென்று நிற்கும் கலனின் உட்சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் திறந்து, உள்ளே இறங்கிப் பார்த்தால்தான் தீர்மானமாகச் சொல்ல முடியும். அதற்கென்றே பயின்ற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலையின் கனத்தைப் புரிந்துகொள்ள 1984 ஜூலை 23 அன்று அமெரிக்காவில் நடந்ததை அறிய வேண்டும். சிகாகோவை அடுத்த ரோமியோவில் என்ற ஊரின் சுத்திகரிப்பு ஆலையில், எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடைப் பிரித்தெடுக்கும் அமைன் கோபுரம் ஒன்று இருந்தது. 1970-இல் இயங்கத் தொடங்கிய கலன் அது. தகட்டின் தடிமன் ஓர் அங்குலம். உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ அளவிலான அழுத்தமும் மிதமான வெப்பமும்தான். 1974-இல் சுவரின் ஒரு வளையத்தை வெட்டியெடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே புதிய வளையத்தை வெல்ட் செய்தார்கள். வெல்டிங்கின் சூட்டில் அதை ஒட்டிய உலோகம் கடினமாகிவிடும். மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தினால் அந்தக் கடினம் தணியும். இங்கே அது செய்யப்படவில்லை. இறுகிப்போன அந்த விளிம்பில் ஹைட்ரஜன் நுழைந்து, உட்புறத்திலிருந்து விரிசல் வளர்ந்தது. பத்து ஆண்டுகள் வளர்ந்து, சுவரின் தடிமனில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. அன்று மாலை வெளியில் சிறிய கசிவு தென்பட்டது. வால்வை அடைப்பதற்குள் விரிசல் நீண்டு, கலன் இரண்டாகப் பிளந்தது. மேற்பாதி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். தீயணைக்க ஓடிவந்தவர்களும் அவர்களில் உண்டு.

அந்த விரிசல் ஒரு நாளில் வந்ததல்ல. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தது. ஆய்வாளர் தேடுவது இப்படிப்பட்டதைத்தான்.

உள்ளே இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை ஏராளம். ஆலையை நிறுத்திவைக்கும் ஷட்டவுன் காலத்தில் கலனைக் காலிசெய்து, நீராவி விட்டுக் கழுவி, அதோடு சேரும் குழாய் ஒவ்வொன்றிலும் பிளைண்ட் தகடு செருகி மூட வேண்டும். வால்வை மூடிவிட்டோம் என்று இருந்துவிட முடியாது, வால்வு கசியும். பிறகு உட்காற்றை அளக்கிறார்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலும் 23.5-ஐத் தாண்டினாலும் இறங்க அனுமதி இல்லை. இறங்கியவரைக் கண்காணிக்க மேன்ஹோல் வாயிலில் ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

இவற்றை வெறும் சடங்கென்று எண்ணுபவர்கள் நைட்ரஜனைப் பற்றி அறியாதவர்கள். நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் கரியமில வாயு சேர்வதால்; ஆக்சிஜன் குறைவதை உடல் உணர்ந்து சொல்வதில்லை. நைட்ரஜன் நிறைந்த இடத்தில் இரண்டொரு மூச்சிலேயே மனிதன் சுருண்டுவிடுவான். 2005 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் டெலவேர் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில், நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்த ஒரு கலனுக்குள் கிடந்த டேப் சுருளை எடுக்க முயன்ற தொழிலாளி இறந்தார். அவரைக் காப்பாற்ற ஏணியில் இறங்கிய சக தொழிலாளியும் இறந்தார். உள்ளே விழுந்தவரைப் பார்த்து நாமும் குதிக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு ஆலையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உள்ளே போனதும் ஆய்வாளரின் முதல் கருவி டார்ச் விளக்கு. அதைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடிப்பார். மாலை வெயில் சாய்ந்து விழும்போது உழுத வயலின் மேடுபள்ளம் துலங்குவதுபோல, சாய்ந்த ஒளியில் குழி, புடைப்பு, அரிப்பின் கரை எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதும் உண்டு. ஹைட்ரஜன் தகட்டுக்குள் புகுந்து உண்டாக்கும் கொப்புளத்தைக் கண்ணுக்கு முன்பே கை சொல்லிவிடும். சுத்தியலால் தட்டிக் கேட்பது, குழியின் ஆழத்தைப் பிட் கேஜால் அளப்பது, அல்ட்ராசோனிக் கருவியால் தடிமன் பார்ப்பது, வெல்டிங்கின் மேல் சாயம் தடவி மயிரிழை விரிசலைத் தேடுவது எல்லாம் அடுத்து வரும்.

எங்கே பார்ப்பது என்பதில்தான் அனுபவம் தெரியும். திரவமும் வாயுவும் சந்திக்கும் மட்டக்கோட்டில் அரிப்பு அதிகம். நுழைவாய்க்கு எதிர்ச்சுவரில் பாய்ச்சல் மோதித் தேயும். அடியில் சேறும் நீரும் தங்கும் இடம், வெல்டிங்கை ஒட்டிய விளிம்பு, பழைய பழுதுபார்ப்பு நடந்த பகுதி ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. அதனால் நல்ல ஆய்வாளர் கலனைத் திறப்பதற்கு முன் அதன் கோப்பைத் திறக்கிறார். என்ன திரவம் ஓடியது, எவ்வளவு வெப்பம், எப்போது எங்கே வெட்டி ஒட்டினார்கள் என்று படித்துவிட்டே இறங்குகிறார்.

அளந்ததைக் கணக்காக மாற்றுவது அடுத்த பாதி வேலை. ஐந்து ஆண்டுக்கு முன் 12 மில்லிமீட்டர் இருந்த சுவர் இப்போது 11 என்றால், ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டர் தேய்கிறது. அழுத்தத்தைத் தாங்கக் குறைந்தது 9 வேண்டும் என்றால், மீதி ஆயுள் 10 ஆண்டு. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 510 விதிநூல், மீதி ஆயுளில் பாதி அல்லது 10 ஆண்டு, இவற்றில் எது குறைவோ அதற்குள் அடுத்த உள்ளாய்வு நடக்க வேண்டும் என்கிறது. ஆகவே இந்தக் கலனை ஐந்து ஆண்டுக்குள் மறுபடி திறக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும் அடிப்படை இதுதான். ஆனால் இந்தக் கணக்கு சீரான தேய்மானத்துக்கு மட்டுமே பொருந்தும். ரோமியோவில் கோபுரத்தைப் பிளந்ததுபோன்ற விரிசல் தடிமன் அளவீட்டில் சிக்காது. எங்கே வரும் என்று அறிந்து தேடினால்தான் சிக்கும்.

இந்த ஆய்வாளர்களுக்கு உலக அளவில் மதிக்கப்படும் தகுதிகளில் ஒன்று அதே ஏபிஐ 510 பெயரிலான தேர்வு. பொறியியல் பட்டதாரிக்கு ஓராண்டு, டிப்ளமோ படித்தவருக்கு இரண்டாண்டு, பள்ளிப் படிப்பு மட்டும் உள்ளவருக்கு மூன்றாண்டு துறை அனுபவம் வேண்டும். பள்ளிப் படிப்பே இல்லாதவரும் ஐந்தாண்டு அனுபவத்தோடு எழுதலாம் என்பது எனக்குப் பிடித்த விதி. பட்டறையில் வளர்ந்த அறிவுக்குக் கதவை அது திறந்து வைத்திருக்கிறது. 170 கேள்விகள். முதல் பகுதிக்குப் புத்தகம் கூடாது. இரண்டாம் பகுதியில் விதிநூலைத் திறந்து பார்த்து எழுதலாம். சான்று மூன்றாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தச் சான்று கையில் இருப்பதாலேயே நம் நாட்டில் சட்டப்படி கையெழுத்திடும் உரிமை வந்துவிடாது. தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் அழுத்தக் கலன்களைச் சோதித்துச் சான்றளிக்க, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஒருவரைத் தகுதி பெற்ற நபர் என அங்கீகரித்திருக்க வேண்டும். பாய்லர்களுக்குத் தனிச் சட்டமும் தனித் துறையும் உண்டு. அழுத்தமேற்றிய வாயுக்களைச் சேமிக்கும் கலன்கள், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகளுக்குள் வரும்.

மெக்கானிக்கல் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தேர்வு வகுப்பில் சேர்வதற்கு முன் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சில மாதம் நில்லுங்கள். பாய்லர்களுக்குப் பேர்போன திருச்சியில் அதற்கு வாய்ப்புகள் நிறைய. வெல்டர் கை வைப்பதைப் பாருங்கள், உலோகவியல் படியுங்கள், ஷட்டவுனில் மூத்த ஆய்வாளர் பின்னால் இறங்குங்கள். உற்பத்தி தொடங்க எல்லோரும் அவசரப்படும் நாளில், “இந்தக் கலனை இப்போது மூட முடியாது” என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியவர் நீங்கள்தான். கண்டதை அளவோடும் படத்தோடும் எழுதி வைத்திருந்தால் அந்தக் கையெழுத்தை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.