தெருவில் இறங்கிய சமயங்கள் – 9: இருவராகவே நடப்பவர்கள்

மார்மன்கள் என்று பரவலாக அறியப்படும் சமூகத்தின் முறையான பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும்; சுருக்கப் பெயரைத் தவிர்க்குமாறு 2018இல் அதன் அன்றைய தலைவர் ரஸல் நெல்சன் கேட்டுக்கொண்ட பின்னரும் பொதுவழக்கில் அதுவே நீடிப்பதால் இக்கட்டுரையும் அதையே ஆள்கிறது. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய இச்சபை, பிற சபையாரின் பகைக்கு ஆளாகி மேற்கு நோக்கி நகர்ந்து யூட்டாவில் வேரூன்றிய வரலாறு சென்ற இதழில் சொல்லப்பட்டது. யூட்டாவுக்கு வெளியே இச்சபையின் முகமாக இருப்பவர்கள், வெள்ளைச் சட்டையும் டையும் மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இருவர் இருவராகத் தெருவில் நடந்துவரும் இளம் ஊழியர்கள். 2024 முடிவில் இத்தகைய ஊழியர்கள் 74,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஆண்கள் 24 மாதமும் பெண்கள் 18 மாதமும் ஊழியம் செய்கிறார்கள். சம்பளம் கிடையாது என்பதோடு, அமெரிக்காவிலிருந்து செல்பவர்களின் குடும்பங்கள் மாதத்துக்கு 500 டாலர் வீதம் சபைக்குச் செலுத்துகின்றன. செல்லும் நாடு ஜப்பானாயினும் கானாவாயினும் இத்தொகை மாறாது.

இவர்களுடைய வாழ்க்கை வாரக் கணக்கில் ஓடுவது. திட்டமிடுவதும், அறிக்கை தருவதும், வீட்டாருடன் பேசுவதும் வாரத்துக்கொரு முறை. இடமாற்றம் கூட ஆறு வாரத்துக்கொரு முறை. ஆகவே ஊழியரின் ஒரு வாரத்தை அணுக்கமாகப் பார்ப்பது அந்த அமைப்பு முழுவதையும் பார்ப்பதற்கு ஒப்பாகும். அதற்கு ஏற்ற களம் பிரேசில். 1928இல் தென்பிரேசிலின் ஜெர்மானியக் குடியேறிகளிடையே தொடங்கிய மார்மன் ஊழியம், 1930களின் இறுதியில் வார்காஸ் அரசு பொதுக் கூட்டங்களில் அயல்மொழிகளைத் தடைசெய்தபோது வேறு வழியின்றிப் போர்ச்சுகீசிய மொழிக்கு மாறியது. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்ற பழைய விதி 1978இல் நீக்கப்பட்டதும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் பெருந்திரளாக வாழும் அந்நாட்டில் அதன் வளர்ச்சிக்குப் புதுவழி பிறந்தது. யார் ஆப்பிரிக்க இரத்தக் கலப்புடையவர் என்று வரையறுப்பதே இயலாத ஒரு நாட்டில் அந்த விதியை வைத்துக்கொண்டு சாவோ பாவுலோவில் கோயில் கட்டத் தொடங்கியதன் நெருக்கடியும் அவ்விதி நீங்கியதற்கு ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

வாரம் திங்கட்கிழமை ஓய்வோடு தொடங்குகிறது. ‘ஆயத்த நாள்’ என்று பெயரிடப்பட்டுள்ள அந்நாளில் பிரசங்கம் இல்லை. சாவோ பாவுலோ மாநிலத்தின் ஏதேனுமொரு நகரில் வாடகைக்கு எடுத்த சிறு வீட்டின் பின்புறம், சிமெண்ட் தொட்டியில் ஆறு வெள்ளைச் சட்டைகளின் காலர்களைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பதினெட்டு வயது இளைஞர், பெரும்பாலும் அதுவரை தன் துணியைத் தானே துவைத்திராதவர். மளிகை வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, சபைக்கட்டிடத்தின் ஆடுகளத்தில் மற்ற ஊழியர்களுடன் கால்பந்து ஆடுவது எல்லாம் அன்றைக்கே. வீட்டுக்குத் தொலைபேசுவதும் அன்றுதான். 2019 பிப்ரவரி வரை கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று என ஆண்டுக்கு இரண்டே அழைப்புகள் அனுமதிக்கப்பட்டிருந்தன. அதன்பிறகு வாரந்தோறும் பேசலாம் என்றானது. வீட்டு நினைவு ஊழியரைத் தளர்த்திவிடும் என்ற பழைய அச்சத்தைவிட, வீட்டிலிருந்து முற்றாக அறுபட்டவர் தளர்ந்துபோகிறார் என்ற பிந்தைய அனுபவம் வலுவானது போலும். மாலை ஆறு மணிக்கு ஆயத்த நாள் முடிந்து, டை மீண்டும் கழுத்துக்கு ஏறும்.

செவ்வாய் முதல் அன்றாட ஒழுங்கு நடைமுறைக்கு வருகிறது. காலை 6.30க்கு எழுதல், அரைமணி உடற்பயிற்சி, சிற்றுண்டி, தனிப்படிப்பு, பின்னர் இணையாகப் படிப்பு, புதியவராயின் மொழிப்பயிற்சி; பத்து மணியளவில் தெருவில் இறங்குதல்; இரவு ஒன்பது மணிக்குள் வீடு திரும்பல்; 10.30க்கு விளக்கணைத்தல். 2017இல் சற்றே தளர்த்தப்பட்ட போதிலும் இவ்வொழுங்கின் சட்டகம் மாறவில்லை. தொலைக்காட்சி, திரைப்படம், காதல் ஆகிய மூன்றும் விலக்கு. ஆனால் இந்த வாழ்க்கையின் மையவிதி கடிகாரத்தில் இல்லை, கூட இருப்பவரிடத்தில் இருக்கிறது. ஊழியர் எவரும் தனியாக இருக்கக் கூடாது; உறங்குவது ஒரே அறையில், நடப்பது ஒருவர் பார்வையில் மற்றவர் படும்படி, குளியலறை மட்டுமே விதிவிலக்கு. இணையைத் தேர்ந்தெடுப்பவர் அப்பகுதி ஊழியங்களுக்கெல்லாம் பொறுப்பான மிஷன் தலைவர். அவர் குருமாரல்லாத ஓர் இல்லறத்தார், தன் தொழிலை மூன்றாண்டுகளுக்கு நிறுத்திவைத்து மனைவியுடன் வந்திருப்பவர். ஐடஹோவின் உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவரும் ரெசிஃபே நகரின் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவரும் ஆறு வாரமோ பன்னிரண்டு வாரமோ ஒரே அறையில் காலந்தள்ள வேண்டியிருக்கும். வாரத்துக்கொரு முறை நடக்கும் திட்டமிடல் அமர்வின் முடிவில், ஒருவர் மற்றவரிடம் மனத்தாங்கல்களை நேருக்கு நேர் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது. திருமணத்துக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி உண்டா என்று ஊழியம் முடித்தவர்கள் நகைச்சுவையாகக் கேட்பதுண்டு. சேர்ந்து வாழ மறுக்க வழியில்லாத இடத்தில் கற்கப்படும் பொறுமைக்கும் விரும்பி மேற்கொள்ளும் பொறுமைக்கும் வேறுபாடு உண்டென்பது அந்த நகைச்சுவையில் விடுபட்டுப்போகிறது.

பிரேசிலின் புறநகர்த் தெருக்களில் வீட்டுக் கதவைத் தட்ட இயலாது. மதிலும் இரும்புக் கேட்டும் அதற்கப்பால் நாயும் இருக்கும். எனவே வாசலில் நின்று பலமாகக் கைதட்டி அழைப்பதே அங்குள்ள வழக்கம். அமெரிக்க இளைஞர்கள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் உள்ளூர்ப் பண்பாடும் அதுவே. வாசலுக்கு வரும் இல்லத்தரசி கதவை முகத்தில் அடிப்பது அரிது. கேட்டைத் திறந்து, உட்காரவைத்து, உடனே கறுப்புக் காப்பி கொண்டுவருவார். காப்பிக்குப் பேர்போன ஒரு நாட்டில், 1833இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட உணவொழுக்கத்தின்படி காப்பி, தேநீர், மது, புகையிலை நான்கையும் விலக்கிய இருவர் அந்தச் சிறுகோப்பையை மறுக்க வேண்டும். அதுவும் விருந்தோம்பியவர் மனம் நோகாமல் மறுக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள், காப்பி வருமுன்பே ஒரு குவளைத் தண்ணீர் கேட்டுவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் குவாரனா என்ற குளிர்பானமோ பழச்சாறோ காப்பிக்கு ஈடாக வந்துசேரும். மதிய உணவோ சபை உறுப்பினர்களின் பொறுப்பு: இன்ன நாளில் இன்ன குடும்பம் என்று பட்டியலிட்டு, சோறும் அவரையும் கோழியும் பரிமாறுகிறார்கள். பட்டியலில் இடைவெளி விழுந்த நாள்களில் நூடுல்ஸ்.

கேட்டைத் திறப்பது எளிது, மனம் மாற்றுவது அரிது என்பதே பிரேசிலில் ஊழியர் பெறும் பொது அனுபவம். உரையாட மறுப்பவர்கள் குறைவு. ஆனால் பெந்தெகொஸ்தே சபைகள் தெருவுக்குத் தெரு இருக்கும் நாட்டில், செவிமடுப்பவர் ஏற்கெனவே இரண்டு மூன்று சபைகளின் வாசல் மிதித்தவராக இருப்பார். கற்பிக்கும் முறையும் காலத்தோடு மாறியது. 1961இல் உலகமெங்கும் ஒரே மாதிரியான ஆறு பாடங்கள் வகுக்கப்பட்டு மனப்பாடமாக ஒப்பிக்கப்பட்டன. 2004இல் வெளியான கையேடு ஒப்பித்தலைக் கைவிட்டு, பாடப்பொருளை அறிந்துகொண்டு கேட்பவருக்கேற்பச் சொந்தச் சொற்களில் பேசுமாறு பணித்தது. பழைய முறையில் மொழி தெரியாதவரும் முதல் மாதத்திலேயே பாடம் நடத்திவிட முடிந்தது. எதிரே இருப்பவர் இடைமறித்துக் கேள்வி கேட்டால்தான் தொல்லை.

பாடம் ஏறிய பின்னும் ஞானஸ்நானத்துக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் இறையியல் ஐயமாக இராது. பதிவுத் திருமணமாக இருக்கும். பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து பிள்ளைகள் பெற்ற இணைகள், சட்டப்படி மணம் புரியாதவரை சபையில் ஞானஸ்நானம் பெற இயலாது. பிரேசிலில் மணமுறிவுச் சட்டம் 1977இல்தான் வந்தது. அதற்குமுன் பிரிந்தவர் மறுமணம் செய்ய வழியின்றிச் சேர்ந்து வாழ்ந்ததும், அதற்குப் பின் ஏழைகள் பதிவுச் செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி அப்படியே விட்டதும் சமூக வழக்காகிவிட்டன. எனவே ஊழியரின் வாரத்தில் புதன்கிழமையோ வியாழக்கிழமையோ ஒரு காலைப்பொழுது கர்த்தோரியோ எனப்படும் பதிவாளர் அலுவலகத்தில் கழியும். வறுமைச் சான்று அளிப்போருக்குக் கட்டணம் இல்லை என்ற சட்டப் பிரிவை அறிந்துவைத்திருப்பதும், தொலைந்துபோன பிறப்புச் சான்றுக்கு வேறு மாநிலத்துக்கு விண்ணப்பிப்பதும், முந்தைய மணத்தின் முறிவு ஆவணத்தைத் தேடுவதும் அந்த இளைஞர்களின் எழுதப்படாத கடமைகள். அவர்கள் செய்யும் பணிகளில் ஐயத்துக்கிடமின்றிப் பிறருக்குப் பயன்படுவது இதுவே எனலாம்.

இளைஞரும் கால அட்டவணையும் இந்த ஊழியத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்தவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மணமாகிக் குடும்பம் நடத்தியவர்களே திடீரென அழைக்கப்பட்டு, கையில் காசின்றிப் புறப்பட்டார்கள். 1852இல் சால்ட் லேக் நகர மாநாட்டில் அவ்வாறு அழைக்கப்பட்டவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் பேலன்டைன், 1849இல் யூட்டாவில் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர், மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு 1853இல் சென்னைப் பட்டினம் வந்து, துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டு ஓராண்டு முயன்று, உடல்நலம் குன்றித் திரும்பினார். அவரிடம் வாரந்தோறும் அறிக்கை கேட்க எவரும் இல்லை. கடிதம் யூட்டா சேர மாதங்கள் ஆயின. பல்லாண்டு கழித்து, 1993இல்தான் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் அமைந்தது. பேலன்டைனுக்கும் இன்றைய ஊழியருக்கும் இடையில் நடந்தது மேலாண்மையின் வளர்ச்சி; கூடவே ஊழியரின் வயதும் இறங்கியது: 2012 அக்டோபரில் ஆண்களின் குறைந்தபட்ச வயது 19இலிருந்து 18ஆகவும், பெண்களின் வயது 21இலிருந்து 19ஆகவும் குறைக்கப்பட்டது, 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 என்றானது. ஆள் இளையவராக ஆக ஆகக் கண்காணிப்பும் நெருக்கமாகியிருப்பது வியப்பில்லை.

சனிக்கிழமை ஞானஸ்நான நாள். சபைக்கட்டிடத்தின் தொட்டியில் நீர் நிரப்பப்பட்டு, எட்டு வயது நிரம்பிய எவரும் வெள்ளுடையில் இறங்கி முழுமையாக மூழ்கி எழ வேண்டும். ஒரு முழங்கையோ கூந்தலின் நுனியோ நீருக்கு வெளியே தெரிந்தால் சாட்சிகள் இருவர் சொல்ல, மீண்டும் மூழ்க வேண்டும். ஞாயிறன்று இரண்டு மணி நேர ஆராதனையில் அவருக்குப் பரிசுத்த ஆவியின் வரம் அருளப்பட்டு உறுப்பினராக உறுதிப்படுத்தப்படுகிறார். அதே ஆராதனையில் அப்பமும், திராட்சை ரசத்துக்குப் பதில் தண்ணீரும் பகிரப்படுகின்றன. மாதத்தின் முதல் ஞாயிறானால் இரு வேளை உபவாசம். வாக்களித்தபடி ஆராதனைக்கு வராதவர்களின் வீட்டு வாசலில், வெறும் வயிற்றுடன் கைதட்டி நிற்கும் காலை அது.

ஞாயிறு இரவு எண்கள் அனுப்பப்படுகின்றன. புதிதாகக் கற்கத் தொடங்கியவர் எத்தனை பேர், ஆராதனைக்கு வந்தவர் எத்தனை பேர், ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தவர் எத்தனை பேர், பெற்றவர் எத்தனை பேர் என்ற கணக்கு, நாலைந்து இணைகளுக்குப் பொறுப்பான ஊழியரிடமிருந்து படிப்படியாக மிஷன் தலைவரைச் சென்றடைகிறது. எண்ணுவது எதைக் கெடுக்கும் என்பதற்குச் சபையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பிரிட்டனில், பேஸ்பால் விளையாட்டு அணியில் சேர்ப்பதாகச் சிறுவர்களை அழைத்து, என்னவென்று அவர்கள் சரியாக அறியுமுன்பே ஞானஸ்நானம் கொடுத்துக் கணக்கு ஏற்றப்பட்டது. பின்னர் பெயர்களை ஏட்டிலிருந்து நீக்குவதற்கே தனி முயற்சி தேவைப்பட்டது. பிரேசிலின் நிலையும் சிந்தனைக்குரியது. 2010இல் சபையின் ஏட்டில் அந்நாட்டு உறுப்பினர் 11 லட்சத்துக்கும் அதிகம். அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை அச்சபையினர் என்று சொன்னவர்கள் 2,26,509 பேர். ஐவரில் நால்வரை எங்கோ தவறவிட்ட கணக்கு இது. ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் இடையில் நடப்பதை நுட்பமாக அளக்கும் அறிக்கை, ஞானஸ்நானத்துக்குப் பத்தாண்டுக்குப் பின் நடப்பதை அளக்கும்படி அமைந்ததன்று.

ஆயினும் அந்த 2,26,509 பேரை மட்டும் கொண்டு ஊழியத்தை எடைபோடுவதும் குறைபட்ட மதிப்பீடாகும். வாரந்தோறும் அந்த ஒழுங்கு உறுதியாக உருவாக்குவது ஊழியரைத்தான்: அந்நியரிடம் பேசப் பழகியவர், மறுப்பைத் தாங்கியவர், கணக்கு ஒப்படைத்தவர், சபையின் நிர்வாகத்தை உள்ளிருந்து அறிந்தவர். சம்பளம் பெறும் குருமார் இல்லாத உள்ளூர்ச் சபைகள் இவர்களைக் கொண்டே இயங்குகின்றன. 1958இல் சாவோ பாவுலோவில் பிறந்த உலிசஸ் சோவாரெஸ், சிறுவயதில் பெற்றோருடன் சபைக்கு வந்து, ரியோ டி ஜெனீரோவில் ஊழியம் செய்து, 2018இல் சபையின் உயர்பீடமான பன்னிரு அப்போஸ்தலர் குழாமில் இடம்பெற்ற முதல் லத்தீன் அமெரிக்கரானார். அவருடைய பெற்றோரின் ஞானஸ்நானம் யாரோ இரு இளைஞர்களின் வார அறிக்கையில் ஓர் எண்ணாகப் போயிருக்கும். அதே ஒழுங்கில் உடலோ மனமோ தளர்ந்து, காலம் முடியுமுன்பே வீடு திரும்பி, பக்கத்து வீட்டாரின் கேள்விகளுக்கு விடை தேடும் இளைஞர்களும் ஒவ்வோராண்டும் இருக்கிறார்கள். யூட்டாவின் சிற்றூர்களில் அவர்களை வரவேற்கும் விதத்தையும், முழுக்காலம் முடித்தவர்களிடம் அச்சமூகம் அடுத்ததாக எதிர்பார்க்கும் திருமணத்தையும் வரும் இதழில் காணலாம்.

(தொடரும்)