தூங்கா நகரத்தின் எலும்புகள்

உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை மூட்டைகள் மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இறங்கும்போது பொழுது விடிந்திருக்காது. தலைக்கு மேலே விளக்குகள் பகல்போல எரிகின்றன. மூட்டை சுமப்பவரின் மூளையோ இருட்டுக்காகக் காத்திருக்கிறது. இருட்டில்தான் பினியல் என்னும் பட்டாணியளவுச் சுரப்பி மெலடோனினைத் தாராளமாகச் சுரக்கும். பின்னிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே அதன் அளவு உச்சத்தைத் தொடும். கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்பு குறைந்துவிடும்.

தூக்கம் கெட்டால் தலை வலிக்கும், கண் எரியும் என்பது யாருக்கும் தெரியும். எலும்பும் அந்த இருட்டை எதிர்பார்க்கிறது என்பது பலருக்குப் புதிய செய்தி.

வௌவால் சொன்ன நேரம்

உயிர்க்கடிகார ஆராய்ச்சியில் மதுரைக்கு ஒரு தனியிடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் குகை வௌவால்களின் அன்றாட ஒழுங்கை ஆராய்ந்து 1981-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பகலா இரவா என்று அறிய எந்த வழியும் இல்லாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் ஆராய்ந்தார்கள். அங்கே தூக்கமும் விழிப்பும் 24 மணி நேரக் கணக்கிலிருந்து மெல்ல விலகின. உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது வெளிச்சமும் இருளும். இந்த உண்மைக்கு அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நாகமலை அடிவாரமும் ஒரு சாட்சி.

கட்டும் செல், கரைக்கும் செல்

எலும்பு ஒருமுறை கட்டி முடித்துவிட்ட சுவர் அல்ல. பழைய பகுதியை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் கரைக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்த இடத்தில் புதிதாகக் கட்டுகின்றன. வாழ்நாள் முழுதும் இது நடக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு கரைக்கும் பக்கம் கை ஓங்குவதால் எலும்புப்புரை வரக்கூடும்.

மெலடோனின் இந்த இரு பக்கத்தையும் தொடுகிறது. எலும்பு மஜ்ஜையின் மூலச்செல்கள் கொழுப்புச் செல்லாகவும் மாறலாம், எலும்புச் செல்லாகவும் மாறலாம். மெலடோனின் அவற்றை எலும்பின் பக்கம் திருப்புகிறது. கரைக்கும் செல்களை உருவாக்கும் ‘ராங்க் லிகண்ட்’ என்ற புரதத்தையும் குறைக்கிறது. 1999-ல் வெளியான ஆய்வில், முதிர்ச்சியடைய வழக்கமாக 21 நாள் எடுக்கும் எலி எலும்புச் செல்கள், மெலடோனின் சேர்த்தபோது 12 நாளிலேயே முதிர்ந்தன.

ஆனால் அது ஆய்வகத் தட்டில் வளர்ந்த செல்.

மனித உடலில்

டென்மார்க்கில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 81 பெண்களிடம் ஓராண்டு சோதனை நடந்தது. 2015-ல் முடிவு வந்தது. மெலடோனின் எடுத்தவர்களின் தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தி, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 1.4 சதவீதம் கூடியிருந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனாலும் எலும்பு முறிவு குறையும் என்று சொல்ல இத்தனை சிறிய சோதனை போதாது.

அமெரிக்கச் செவிலியர்கள் 38,000 பேரைப் பற்றிய 2009-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் கவலை தருகிறது. 20 ஆண்டுக்கு மேல் சுழற்சி முறையில் இரவுப்பணி பார்த்தவர்களுக்கு இடுப்பு, மணிக்கட்டு முறிவு 37 சதவீதம் அதிகம். இதற்கு மெலடோனின் குறைவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பகலில் தூங்குபவருக்கு வெயில் கிடைக்காது, வைட்டமின் டி குறையும். வேளைக்குச் சாப்பாடும் இருக்காது.

வீட்டில் செய்ய வேண்டியது

இரவுப்பணி முடித்து வருபவர்கள் படுக்கும் அறையைத் தடித்த திரையால் இருட்டாக்கிக்கொள்ளலாம். படுத்த பிறகு செல்போன் வேண்டாம். எழுந்தபின் சிறிது நேரம் வெயிலில் நடப்பது அவசியம். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், நெத்திலி ஆகியவையும் கைகொடுக்கும்.

மெலடோனின் மாத்திரையை எலும்புக்கென்று தாமாகவே வாங்கி விழுங்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். 50 வயது கடந்த பெண் நடக்கையில் இடறி விழுந்து மணிக்கட்டு முறிந்தால், மாவுக்கட்டோடு விட்டுவிடாமல் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்.