மழையைத் தேடிப் போய்ச் சூரியனைப் படித்த கதை

திருக்காட்டுப்பள்ளித் தம்பி தங்கைகளே! "குடமுருட்டியில் தண்ணீர் வருமா? குறுவை போடலாமா, சம்பா மட்டும்தானா?" என்று வீட்டில் பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். மழை எந்த ஆண்டு பொய்க்கும் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் எவ்வளவு நல்லது! கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்ததற்கு இந்த ஆசையும் ஒரு காரணம்.

1876-இல் தொடங்கியது தாது வருஷப் பஞ்சம். பருவமழை பொய்த்து, பல லட்சம் பேர் மாண்டார்கள். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறையும். அதற்கும் மழைக்கும் தொடர்பு உண்டோ என்று அறிஞர்கள் சிலர் யோசித்தார்கள். அப்படியானால் சூரியனை நாள்தோறும் கவனிக்க வேண்டுமே!

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதலே வானாய்வகம் இருந்தது. ஆனாலும் தெளிந்த காற்றுக்கு மலைதான் நல்லது. வானியலாளர் சார்லஸ் மிச்சி ஸ்மித் பழனி, நீலகிரி மலைகளில் இடம் பார்த்தார். சுமார் 2,343 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் ஆய்வகம் 1899-இல் அமைந்தது.

1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். மேகம் மறைக்காத நாளெல்லாம் ஒரு படமாவது எடுத்துவிடுவார்கள். முதலில் கண்ணாடித் தகடு, பிறகு ஃபிலிம், இப்போது டிஜிட்டல் கேமரா.

கரும்புள்ளி ஏன் கறுப்பு? அங்கே காந்தப்புலம் மிக வலுவானது. கீழிருந்து சூடான வாயு மேலே வருவதை அது தடுக்கிறது. சுற்றுப்புறம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் என்றால், புள்ளியின் நடுவில் 4,000-க்கும் கீழே. 1909-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் கொடைக்கானலிலிருந்தே ஒன்றைக் கண்டுபிடித்தார்: புள்ளியின் நடுப்பகுதியிலிருந்து விளிம்பை நோக்கி வாயு பாய்கிறது! உலகம் இன்றும் அதை 'எவர்ஷெட் விளைவு' என்கிறது.

மழை ரகசியம் கிடைத்ததா? இல்லை. புள்ளியை எண்ணி மழையைச் சொல்ல முடியவில்லை. ஆனால் நூறாண்டுக்கும் மேலான படங்கள் சேர்ந்துவிட்டன. சூரியன் எப்படி மாறிவருகிறது என்று அறிய, உலக விஞ்ஞானிகள் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

செய்து பாருங்கள்: அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். அதன் வழியே வெயிலை ஒரு மீட்டர் தள்ளியுள்ள வெள்ளைத்தாளில் விழச் செய்யுங்கள். சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் தெரியும். அது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் படம்! துளையைச் சதுரமாக வெட்டினாலும் வட்டமே வருகிறதா என்று சோதியுங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது; கண் கெட்டுவிடும்.