அல்கட்ராஸ் அருகே ஒரு சேற்று மேடு

துறைமுகக் கால்வாய் எதுவும் தானாக ஆழமாக இருந்துவிடுவதில்லை. ஆறு கொண்டுவரும் வண்டலும் அலை தள்ளிவரும் மணலும் அதைத் தூர்த்துக்கொண்டே இருக்கும். பெரிய கப்பல் வர வேண்டுமென்றால் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். வாரிய சேற்றை எங்கே போடுவது? பார்ஜில் ஏற்றி, சற்றுத் தள்ளிக் கொண்டுபோய்க் கடலிலேயே கொட்டிவிடுவதுதான் மலிவான வழி. கடல் பெரியது, கொட்டியதை நீரோட்டம் இழுத்துப்போய்விடும் என்ற எண்ணம் இதன் பின்னே இருக்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில், அல்கட்ராஸ் தீவுக்குத் தெற்கே ஓரிடத்தை ராணுவப் பொறியாளர் படை 1972இல் முறைப்படி கொட்டுமிடமாக வைத்துக்கொண்டதும் இந்த எண்ணத்தில்தான். பசிபிக் கடல் உள்ளே நுழையும் கோல்டன் கேட் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் தண்ணீர் சீறிப் பாயும் இடம் அது. ஆழம் ஏறத்தாழ 33 மீட்டர். 1982இல் பார்த்தபோது, அங்கே கொட்டிய சேறு மேடாகக் குவிந்து, நீர்மட்டத்துக்கு 9 மீட்டர் கீழே வரை உயர்ந்திருந்தது. கப்பலுக்கு வழி செய்ய வாரிய சேறே கப்பலுக்கு இடையூறாகிவிட்டது.

நீரோட்டத்தின் வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டதால் வந்த வினை இது என்று தோன்றும். அப்படியல்ல, சேறு விழும் விதத்தைச் சரியாக எண்ணிப் பார்க்காததே காரணம். தனித்தனித் துகளாக விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதி போதும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள மணல், அசையாத நீரில் 10 மீட்டர் இறங்க ஏறத்தாழ 20 நிமிடம் எடுக்கும். அதைவிட ஐம்பது மடங்கு சிறிய களிமண் துகள் அதே ஆழத்தைக் கடக்க ஒரு மாதத்துக்கு மேலாகும், ஏனென்றால் துகளின் அளவு பாதியானால் வேகம் நாலில் ஒன்றாகிவிடும். கடலின் உப்பு களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளாக்குவதால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். ஆனாலும் இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால், அல்கட்ராஸில் கொட்டிய மென்சேறு அடியைத் தொடுவதற்குள் கடல்வாசலைத் தாண்டியிருக்க வேண்டும்.

நடப்பது வேறு. பார்ஜின் அடிப்பாகம் திறந்ததும் பல நூறு கன மீட்டர் சேறு ஒரே மூச்சில் வெளியேறுகிறது. சுற்றியுள்ள தண்ணீரைவிடக் கனமான அந்தத் திரள், துகள்களின் தனி வேகத்தில் அல்லாமல், மொத்தமாக ஒரே எடையாகக் கீழே பாய்கிறது. இருபது, முப்பது மீட்டர் ஆழத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. போகும் வழியில் பக்கத்துத் தண்ணீரையும் உள்ளிழுத்துப் பருக்கிறது. தரையில் மோதி, நாலாபுறமும் தரையை ஒட்டி ஓடி, வேகம் குறைந்து படிகிறது. பலமுறை அளந்து பார்த்ததில், மேலே கலங்கலாக மிதந்து ஓட்டத்தோடு போனது கொட்டியதில் 1 முதல் 5 சதவீதம்தான். இன்னொன்றும் உண்டு. கவ்வி வாளியால் தோண்டிய இறுகிய களிமண் கட்டிகட்டியாகவே வருகிறது, கட்டியாகவே விழுகிறது. விழுந்த கட்டியை ஓதநீர் மேலோட்டமாகக் கரைக்குமே தவிரப் பெயர்த்து எடுத்துப்போகாது. அதே களிமண்ணைக் குழாயில் உறிஞ்சித் தண்ணீரோடு குழம்பாக்கிக் கொட்டினால் அதன் போக்கே வேறு. மேடு தெரிந்த பிறகு, கெட்டி மண்ணைக் குழம்பாக்கியே கொட்ட வேண்டும் என்று பொறியாளர் படை விதித்தது இதனால்தான். எங்கே கொட்டுகிறோம் என்பதைப் போலவே எப்படித் தோண்டினோம் என்பதும் சேற்றின் முடிவைத் தீர்மானிக்கிறது.

95 சதவீதத்துக்கு மேல் கொட்டிய இடத்திலேயே இறங்கிவிடுகிறதென்றால் கலங்கலைப் பற்றி எதற்கு இத்தனை கவலை என்று துறைமுகத் தரப்பில் கேட்கிறார்கள். அந்தச் சதவீதம் உண்மைதான், ஆனால் அது முதல் சில நிமிடங்களின் கணக்கு. அடியில் படிந்த புதுச்சேறு நீர் நிறைந்து தளர்ந்திருக்கும். அடுத்த வலுவான ஓதத்திலோ புயலிலோ மீண்டும் கிளம்பும். 1 சதவீதமும் பத்து லட்சம் கன மீட்டரில் பத்தாயிரமாகிவிடும். எந்த நேரத்தில் கலங்குகிறது என்பதும் முக்கியம். நம்மூர் மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீன் குளிர்காலத்தில் இந்த விரிகுடாவுக்குள் வந்து, கடற்புல்லிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்ளும் பசையுள்ள முட்டைகளை இடுகிறது. முதல் இரண்டு மணி நேரத்தில் அந்தப் பசையில் வண்டல் படிந்தால் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிழைக்கும் குஞ்சுகள் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வருடாந்திரச் சராசரிகளில் இந்த இரண்டு மணி நேரம் தென்படவே தென்படாது. முட்டையிடும் மாதங்களில் தூர்வாருவதற்குக் கட்டுப்பாடு இருப்பது மிக நியாயமானது.

அப்படியானால் ஆழ்கடலுக்கே கொண்டுபோய்விடலாமே என்பது அடுத்த வாதம். 1994இல் அதற்கும் ஏற்பாடானது: கோல்டன் கேட்டிலிருந்து சுமார் 50 கடல்மைல் மேற்கே, 2,500 முதல் 3,000 மீட்டர் ஆழத்தில் ஓரிடம். அங்கே அலை அடியைக் கலக்காது, மேடு கப்பலைத் தட்டாது. ஆனால் அந்த ஆழத்தில் திரள் மொத்தமாக இறங்குவதில்லை; தண்ணீரை இழுத்து இழுத்து நீர்த்துப்போய், நடுவழியிலேயே வேகம் இழந்து, தனித்தனித் துகள்களாகப் பரந்த பரப்பில் தூவப்படுகிறது. செலவும் டீசலும் கூடுகின்றன. இவற்றைவிடப் பெரிய இழப்பு, அந்த மண் விரிகுடாவுக்குத் திரும்பவே திரும்பாது என்பது.

இந்த இழப்பைச் சாதாரணமாக எண்ண முடியாத நிலை இப்போது வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கம் தேடியவர்கள் சியரா நெவாடா மலைச்சரிவுகளை நீரைப் பீய்ச்சிக் கரைத்ததில் பெருமளவு வண்டல் விரிகுடாவில் வந்து குவிந்தது. 1884இல் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிறகு அணைகள் வந்தன. 1999 வாக்கில் விரிகுடாவின் தண்ணீர் சட்டென்று தெளியத் தொடங்கியது. தெளிந்த நீர் கண்ணுக்கு அழகுதான், ஆனால் கடல்மட்டம் உயரும்போது தானும் உயர வேண்டிய கரையோரச் சதுப்புநிலங்களுக்கு மண் போதவில்லை. ஓக்லாந்து துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது வாரிய மண்ணைக் கொண்டு ஹாமில்டன் பழைய விமானத்தளத்தைச் சதுப்புநிலமாக மீட்டது இந்தக் காரணத்தால்தான். மண்ணைக் குழாய் வழியே கரைக்கு ஏற்றுவது செலவு பிடிக்கும் வேலை. அதனால் 2023 இறுதியில் ஹேவர்ட் அருகே வேல்ஸ் டெயில் சதுப்பின் முன்னே வேறொரு சோதனை நடந்தது. ரெட்வுட் சிட்டி துறைமுகத்தில் வாரிய மென்சேற்றை, கரைக்குப் போகாமல், ஆழமற்ற தண்ணீரில் கொட்டினார்கள். அடியில் தளர்ந்து கிடக்கும் சேற்றை அலை கிளப்பும், ஏறும் ஓதம் அதைச் சதுப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது திட்டம். படிந்த சேறு மீண்டும் கிளம்பும் என்பது கலங்கலைப் பற்றிய கவலையில் குறையாக நின்ற குணம். இங்கே வேலையைச் செய்து முடிக்க வேண்டியதே அதுதான். இறுகிய களிமண் கட்டிகளைக் கொட்டியிருந்தால் இந்தத் திட்டம் ஒருநாளும் நடந்திருக்காது.