மின்கம்பியின் அருகே அளவெடுக்கும் முறை

உயர் அழுத்த மின்கம்பிகள் வயல்களின் மீதும் ஊர்களின் ஓரமாகவும் செல்கின்றன. அருகே குடியிருப்போருக்கு அவற்றால் தீங்கு உண்டோ என்னும் வினா பஞ்சாயத்துக் கூட்டங்களில் எழுவது இயல்பே. அச்சமும் அலட்சியமும் இதற்கு விடையாகா. அளந்தே அறிதல் வேண்டும். அதற்குக் கையடக்கமான கருவிகள் உள்ளன.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறிப் பாய்வது. அதனால் இரு புலங்கள் உண்டாகின்றன. மின்புலம் மின்னழுத்தத்தால் எழுவது. மரமும் சுவரும் அதனைப் பெரிதும் தடுக்கும். காந்தப்புலம் மின்னோட்டத்தால் எழுவது, சுவரையும் ஊடுருவும். கம்பியில் பாயும் மின்னோட்டம் மிகும்போது இதுவும் மிகும். ஆகவே, ஒரே இடத்தில் காலை, நண்பகல், இரவு என மும்முறை அளப்பது நலம்.

காந்தப்புலத்தைத் தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் அளத்தல் வழக்கம். ஒரு திசையை மட்டும் காட்டும் கருவியாயின், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் திருப்பி, அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். அளவுகள் 2, 3, 6 எனில் விடை 7. சில கருவிகள் மில்லிகாஸ் என்னும் அலகில் காட்டும். பத்து மில்லிகாஸ் ஒரு மைக்ரோடெஸ்லா ஆகும். இதனை மறந்தால் அளவு பத்து மடங்காகத் தோன்றி வீண் கலக்கம் விளையும்.

மின்புலத்தை அளக்கையில் நம் உடலே அளவை மாற்றிவிடும். எனவே, கருவியை மின்கடத்தாத தாங்கியின் மேல் வைத்து, விலகி நின்று பார்த்தல் வேண்டும். கம்பியை நோக்கிக் கோல் எதனையும் உயர்த்தலாகாது; அது உயிருக்கு ஆபத்து.

ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கிலோவோல்ட் தொடர் நேர்மின்சாரம் கொண்டது. மாறுமின்சாரத்திற்கான கருவி அதன் புலத்தைக் காட்டாது. அங்கே பூஜ்யம் கண்டு, புலமே இல்லை எனக் கொள்வது தவறு.

பொதுமக்களுக்கு 200 மைக்ரோடெஸ்லா, மீட்டருக்கு 5 கிலோவோல்ட் என 2010இல் சர்வதேச ஆணையம் வரம்பு வகுத்தது. உடனடி விளைவுகளைத் தடுப்பதற்கே இவ்வரம்பு. சராசரியாக 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேற்பட்ட வீடுகளில் வாழ்ந்த குழந்தைகளிடையே இரத்தப் புற்றுநோய் சற்று மிகுந்திருந்ததைச் சில ஆய்வுகள் கண்டன. அதனால் 2002இல் காந்தப்புலம் 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்னும் வகையில் சேர்க்கப்பட்டது. அதுவே காரணம் என்பது நிறுவப்படவில்லை. நீண்டகாலச் சராசரியை ஒரு நொடி அளவு காட்டாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

எனவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இடம், நாள், நேரம், கம்பியிலிருந்து தூரம் ஆகியவற்றுடன் அளவுகளைப் பதிவேட்டில் குறித்து வைப்பார்களாக. பள்ளிக்கோ குடியிருப்புக்கோ இடம் தேர்ந்தெடுக்கும்போது, வதந்தியைவிட அப்பதிவேடு நன்கு வழிகாட்டும் என நம்புகிறோம்.