தூங்கும்போது நாடு மாறும் ரயில்

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ரோம் நகருக்குச் செல்லும் இரவு ரயில் புறப்படத் தயாராக நிற்கிறது. நீங்கள் அதில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். பெட்டிப் பணியாளர் உங்கள் பயணச்சீட்டைப் பார்க்கிறார். காலைச் சிற்றுண்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். விரிப்பு, தலையணை, கம்பளி எல்லாம் தயார். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். கண் விழித்தால் சன்னலுக்கு வெளியே நிலையங்களின் பெயர்ப் பலகைகள் இத்தாலிய மொழியில் இருக்கின்றன. ஆல்ப்ஸ் மலையும் ஒரு நாட்டின் எல்லையும் பின்னே போய்விட்டன!

எல்லை வந்தது உங்களுக்கு ஏன் தெரியவில்லை? நீங்கள் உறங்கினாலும் ரயில் உறங்கவில்லை. வரைபடத்தில் எல்லை ஒரு மெல்லிய கோடுதான். ரயிலுக்கோ அது மின்சாரமே மாறுகிற இடம். சில எல்லைகளில் தண்டவாளத்தின் அகலமே மாறிவிடும். அந்த இடங்களை ரயில் எப்படிக் கடக்கிறது என்று பார்ப்போமா?

முதலில் ஒரு சிறு வரலாறு. ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு செல்லும் படுக்கை வண்டிகளைப் பரவச் செய்தவர் ஜார்ஜ் நாகல்மேக்கர்ஸ் என்ற பெல்ஜியர். அவருடைய நிறுவனத்தின் புகழ்பெற்ற 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' 1883 அக்டோபரில் பாரிஸிலிருந்து தன் பயணத்தைத் தொடங்கியது. அன்று அதன் பயணிகள் கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) சேர, வழியில் ஆற்றைப் படகிலும் கருங்கடலைக் கப்பலிலும் கடக்க வேண்டியிருந்தது. 1889இல்தான் முழு வழியும் ரயிலிலேயே செல்ல முடிந்தது.

மின்சாரம் மாறும் எல்லை

ஆஸ்திரியாவில் ரயில் பாதைக்கு மேலுள்ள கம்பியில் 15,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அதன் அதிர்வெண் 16.7 ஹெர்ட்ஸ். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, சுவீடன், நார்வே ஆகிய நாடுகளிலும் இதே முறைதான். எல்லையைத் தாண்டி இத்தாலிக்குள் நுழைந்தால், பெரும்பாலான பாதைகளில் 3,000 வோல்ட் நேர்திசை மின்னோட்டம்!

வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று படித்திருப்பீர்கள். 16.7 என்பது ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. ஏன் இந்த விந்தையான எண்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த ரயில் மோட்டார்களில் சுழலும் திசைமாற்றியும், அதை உரசி நிற்கும் தூரிகைகளும் உண்டு. மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது, தூரிகைக்கு அடியில் வரும் கம்பிச் சுருளில் ஒரு மின்னழுத்தம் தூண்டப்பட்டுத் தீப்பொறி பறக்கும். அதிர்வெண் கூடினால் பொறியும் கூடும். 50 ஹெர்ட்ஸில் மோட்டார் விரைவில் பாழாகிவிடும். எனவே பொறியாளர்கள் அதிர்வெண்ணை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். இன்றைய மோட்டார்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கம்பியை யார் மாற்றுவது? அன்று எடுத்த முடிவு இன்றும் நிற்கிறது.

இத்தாலியின் நேர்திசை மின்னோட்டம் மோட்டாருக்கு எளியது, கம்பிக்குத்தான் சுமை. ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ரயில் என்ஜினுக்கு 6,000 கிலோவாட் திறன் வேண்டும் என்று கொள்வோம். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 15,000 வோல்ட்டில் அது 400 ஆம்பியர்; 3,000 வோல்ட்டில் 2,000 ஆம்பியர். மின்னோட்டம் ஐந்து மடங்கானால், அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் 25 மடங்கு! ஆகவேதான் அங்கே கம்பிகள் தடிமனாக இருக்கும். துணை மின் நிலையங்களும் நெருக்கமாக இருக்கும்.

முன்பெல்லாம் எல்லை நிலையத்தில் ஒரு நாட்டின் என்ஜினைக் கழற்றிவிட்டு, அடுத்த நாட்டின் என்ஜினைப் பூட்டுவார்கள். பல இடங்களில் இன்றும் அப்படித்தான். ஆனால், பல வகை மின்சாரத்தையும் ஏற்கும் என்ஜின்களும் இப்போது உண்டு. எந்த வகை மின்சாரம் வந்தாலும் அவற்றிலுள்ள மின்னணுச் சாதனங்கள் அதை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தருகின்றன. ஆஸ்திரிய ரயில்வேயின் 1216 வகை என்ஜின் அப்படிப்பட்டது. அவ்வகை என்ஜின் ஒன்று 2006 செப்டம்பரில் ஜெர்மனியில் மணிக்கு 357 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிச் சாதனை படைத்தது.

அகலம் மாறும் எல்லை

நம் நாட்டில் மீட்டர் பாதை, அகலப் பாதை என்று இரண்டு வகை இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐரோப்பாவிலும் இந்தச் சிக்கல் உண்டு. பெரும்பாலான நாடுகளில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1435 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய பாதைகளில் 1668. உக்ரைனிலும் ரஷ்யாவிலும் 1520.

ஸ்பெயின் ஏன் அகலமான பாதையைத் தேர்ந்தது? பிரெஞ்சுப் படை ரயிலில் வந்துவிடும் என்ற அச்சம்தான் காரணம் என்று சொல்வதுண்டு. ஆனால், 1844இல் ஸ்பானியப் பொறியாளர்கள் எழுதிய அறிக்கை வேறு காரணம் சொல்கிறது. மலை ஏற வலிய என்ஜின் வேண்டும். அதற்குப் பெரிய கொதிகலன் வேண்டும். அதைத் தாங்க அகலமான பாதை வேண்டும் என்பதே அவர்கள் வாதம்.

இந்தத் தடையைத் தாண்ட ஸ்பெயினின் 'டால்கோ' ரயில் ஓர் அருமையான வழி கண்டது. சாதாரணப் பெட்டியில் இரண்டு சக்கரங்களை ஓர் அச்சு இணைக்கும். டால்கோவில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி. எல்லையில் ரயில் மெல்ல ஊர்ந்து ஒரு சிறப்பு மேடைமீது செல்லும். அங்கே பெட்டியின் எடையை மேடை தாங்கிக்கொள்ளும். சக்கரங்களின் பூட்டுத் திறக்கும். வழிகாட்டிக் கம்பிகள் சக்கரங்களை உள்ளே அல்லது வெளியே தள்ளும். மறுபடி பூட்டு விழும். பாரிஸுக்கும் பார்சிலோனாவுக்கும் இடையே இத்தகைய இரவு ரயில் 1974இல் ஓடத் தொடங்கியது. படுத்திருக்கும் பயணிகளின் அடியிலேயே சக்கரங்கள் இடம் மாறின! பின்னர் 1435 மில்லிமீட்டர் அகலத்திலேயே அதிவேகப் பாதை போடப்பட்டதால், 2013 இறுதியில் அந்த இரவு ரயில் நின்றது.

உக்ரைனின் எல்லை ஊரான சோப்பில் வேறு வழி. அங்கே பெட்டிகளைத் தனித்தனியாகப் பிரித்து, பயணிகளோடு அப்படியே தூக்கி நிறுத்துவார்கள். அடியிலுள்ள சக்கரத் தொகுதியை உருட்டி வெளியே எடுத்துவிட்டு, வேறு அகலமுள்ள தொகுதியைப் பொருத்துவார்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். 1520க்கும் 1435க்கும் உள்ள வேறுபாடு வெறும் 85 மில்லிமீட்டர். உங்கள் உள்ளங்கை அகலம்தான் இருக்கும்!

அந்த உள்ளங்கை அகலம் 2022இல் உலகின் கவனத்துக்கு வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும், அங்கே பயணிகள் விமானங்கள் நின்றுவிட்டன. குழந்தைகளும் தாய்மார்களும் முதியோரும் இலட்சக்கணக்கில் ரயிலேறி மேற்கே சென்றார்கள். போலந்தின் பிஷெமிஷ்ல் நிலையம் வரை 1520 மில்லிமீட்டர் பாதை நீள்கிறது. உக்ரைனிலிருந்து வந்தவர்கள் அங்கே இறங்கி, அடுத்த நடைமேடையில் வேறு அகலப் பாதையில் நின்ற ரயிலில் ஏறினார்கள். 2023 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடனும் அந்த ஊரிலிருந்து இரவு ரயிலில்தான் கீவ் நகருக்குச் சென்றார். பயணம் ஏறத்தாழ 10 மணி நேரம்.

மறைந்ததும் மீண்டதும்

இவ்வளவு வசதியான இரவு ரயில்கள் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாக நின்றுபோயின. மலிவான விமானங்களும் பகலில் பறக்கும் அதிவேக ரயில்களும் ஒரு காரணம். மற்றொன்று எளிய கணக்கு. ஒரு பெட்டியில் எழுபது, எண்பது பேர் உட்காரலாம். படுக்க வைத்தால் அதைவிடக் குறைவானவர்களுக்கே இடம் இருக்கும். அந்தப் பெட்டியும் பகலில் சும்மா நிற்கும். ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் படுக்கை வண்டிகளை நிறுத்திவிட்டது.

அவற்றில் சில வழித்தடங்களை ஆஸ்திரிய ரயில்வே எடுத்துக்கொண்டு, 'நைட்ஜெட்' என்ற பெயரில் நடத்தத் தொடங்கியது. புவி வெப்பமடைவதைப் பற்றிய கவலை பெருகவே, பயணிகளும் திரும்பி வந்தார்கள். ஒரே தூரத்துக்கு ரயில் பயணி வெளியேற்றும் கரியமில வாயு, விமானப் பயணி வெளியேற்றுவதைவிடப் பல மடங்கு குறைவு.

ஆனால், பழைய எல்லைகள் இன்னும் தண்டவாளத்தில் இருக்கின்றன. மூன்று வகை மின்சாரத்துக்கு ஏற்ற என்ஜின் விலை அதிகம். ஒவ்வொரு நாட்டின் பாதைக்கும் தனிக் கட்டணம். சைகை முறையும் தனி. இந்தச் செலவெல்லாம் பயணச்சீட்டின் விலையில் ஏறுகிறது. விமானத்துக்கு வானத்தில் கம்பியும் இல்லை, தண்டவாளமும் இல்லை. நூறாண்டுக்கு முன் தனித்தனியாக எடுத்த முடிவுகளை இன்று ஒன்றுசேர்ப்பதுதான் ஐரோப்பியப் பொறியாளர்களுக்கு உள்ள பெரிய வேலை. நீங்கள் பொறியியல் படிக்கச் சென்றால் இதை நினைவில் வையுங்கள்: நீங்கள் வரைபடத்தில் எழுதும் ஓர் எண், உங்கள் பேரப் பிள்ளைகள் காலத்திலும் நிற்கலாம்.